தலைக்கவசமும் ரெட்டைச் சடையும்

காலை எட்டே முக்கால் மணிக்குத் தஞ்சாவூரில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடச் சாலையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரை ஓட்டிவரும் அப்பாவின் தலையில் ஹெல்மெட் இருக்கும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தலையில் பூ இருக்கும். முன்னால் நிற்கிற பையனுக்கும், இருவருக்கும் நடுவில் பையோடு நசுங்கி வருகிற பெண்ணுக்கும் தலையில் எண்ணெய் மட்டும்தான். அவர்களுக்குப் பக்கத்திலேயே, அரசு கொடுத்த சைக்கிளில் பதினோராம் வகுப்புப் பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே போவார்கள். ஒருபுறம் மணல் லாரி, இன்னொருபுறம் டவுன் பஸ். அந்தப் பெண்கள் யார் தலையிலும் எதுவும் இருக்காது.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டும் குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு இடத்துக்குப் போக வேண்டும். என் தோழி ஒருத்தி கேட் போட்ட குடியிருப்பில் இருக்கிறாள். உள்ளே கார்கூட ஊர்ந்துதான் போகும். அங்கே ஆறு வயதுக் குழந்தைகள் ஹெல்மெட், முழங்கால் உறை, முழங்கை உறை எல்லாம் மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்தக் குழந்தைகளை நான் பரிகாசம் செய்யவில்லை. விழுந்தால் அடிபடுவது அங்கேயும் நடக்கும். ஆனால் இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு குழந்தையின் தலையில் ஹெல்மெட் இருப்பதற்கும் அந்தக் குழந்தை எவ்வளவு ஆபத்தான சாலையில் போகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது தெரிகிறது.

பிறகு எதோடுதான் சம்பந்தம்? பல நாடுகளில் இதைக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. அப்பா அம்மா போட்டால் பிள்ளை போடுகிறது. கூட வருகிற பிள்ளைகள் போட்டால் போடுகிறது. வயது ஏற ஏற, அம்மாவின் சொல்லைவிட நண்பர்களின் சிரிப்புக்கு வலு கூடிவிடுகிறது. வியர்க்கிறது, அசிங்கமாக இருக்கிறது, முடி கலைகிறது, பள்ளியில் வைக்க இடமில்லை, விலை அதிகம் என்று காரணங்கள் நீள்கின்றன. ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்த குழந்தையை நான் எங்கும் சந்தித்ததில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் தலைகளைப் பார்த்துத்தான் குழந்தை முடிவெடுக்கிறது.

ஆனால் ஒரு பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டுவிட்டால், தெரு முழுக்க ஒரே கேள்விதான் கேட்கும்: "அம்மாக்காரி என்ன பண்ணிட்டு இருந்தா?" சாலை போட்டவரை யாரும் கேட்பதில்லை. பள்ளியைக் கேட்பதில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களைக் கேட்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து உண்டாக்கிய பழக்கத்துக்கு ஒருத்தி மட்டும் எப்படிப் பொறுப்பாவாள் என்ற கேள்வியைத்தான் இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வருகிறது. ஒரு பெண் குழந்தையை அவளுடைய நன்மைக்காக நான் எதுவரை கட்டாயப்படுத்தலாம்?

ஸ்கூட்டரில் நடுவில் வரும் அந்தச் சின்னப் பெண்ணிடமிருந்தே தொடங்கலாம். அப்பா ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வருகிறார். சிக்னல் வருவதற்கு முன்னால், "போலீஸ் நிக்கிறாரா பாரும்மா" என்கிறார். அவள் எட்டிப் பார்த்து, "நிக்கிறாருப்பா" என்கிறாள். அவர் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். பட்டையை மாட்டுவதில்லை. சிக்னல் தாண்டியதும் அது மறுபடி கண்ணாடிக்குப் போய்விடுகிறது. ஹெல்மெட் என்பது தலைக்கானது என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்பாவுக்கும் போலீஸ்காரருக்கும் இடையில் நடக்கும் ஒரு விளையாட்டு என்றுதான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த விளையாட்டில் அம்மாவும் அவளும் ஆட்டக்காரர்கள் இல்லை. அபராதம் போட முடிந்த தலைக்குத்தான் ஹெல்மெட்.

இதைச் சட்டமே நமக்குக் கற்றுக்கொடுத்தது. 2007இல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்றபோது, பின்னால் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். டெல்லியில் 2014 வரை பெண்கள் வண்டி ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி, ஹெல்மெட் அவர்கள் விருப்பம்தான். பிறகுதான் அங்கே சீக்கியப் பெண்கள் தவிர மற்றவர்களுக்குக் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து பின்னால் உட்காருபவர்களும் போட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று எழுதினார்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, 40 கிலோமீட்டர் வேக வரம்பு என்று 2022இல் தனி விதி வந்தது. காகிதத்தில் இப்போது எல்லாத் தலைகளும் சமம். சாலையில் இன்னும் 2007தான் நடக்கிறது.

அந்த விலக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றி 1859இல் எழுதிய நூலில், ஒருவரை அவருடைய சொந்த நன்மைக்காகக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதிட்டார். குழந்தைகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களைப் பிறர் காக்கத்தான் வேண்டும் என்றார். பிறகு 1869இல் பெண்கள் அடிமைப்பட்டிருப்பதற்கு எதிராகத் தனியாக ஒரு நூலும் எழுதினார். அவருடைய கணக்கில் குழந்தை என்றால் காப்பு, வளர்ந்த பெண் என்றால் சுதந்திரம். நம்முடைய விலக்கோ பெண்ணையும் குழந்தையையும் ஒரே வரியில் சேர்த்தது. சேர்த்துவிட்டு இருவருக்கும் காப்பையும் கொடுக்கவில்லை. வழக்கமாகப் பெண்களின் நன்மைக்காக என்று சொல்லிச் சுதந்திரத்தைப் பிடுங்குவார்கள். இங்கே காப்பைப் பிடுங்கிவிட்டு அதற்குச் சலுகை என்று பெயர் வைத்தார்கள். பூவும் கொண்டையும் கலையாமல் இருப்பதுதான் எங்களுக்கு முக்கியம் என்று யாரோ எங்களுக்காக முடிவெடுத்தார்கள்.

ஏன் இந்தச் சட்டக் கதையெல்லாம் என்றால், மிதிவண்டிக்கு நம் நாட்டில் ஹெல்மெட் சட்டம் இல்லை. சைக்கிள் ஓட்டும் குழந்தை முழுக்க முழுக்கப் பார்த்துத்தான் பழக வேண்டும். அவள் பார்ப்பது ஸ்கூட்டரை. அங்கே அம்மாவின் தலை வெறுமையாக இருக்கிறது.

அடுத்தது முடி. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கும் ஆண்கள் ஒருநாள் ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டிப் பார்க்க வேண்டும். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் முடிச்சுகள் புடைத்து நிற்கும். ஹெல்மெட் தலையில் உட்காராது. தொப்பி மாதிரி மேலே ஆடும். பெரிய அளவாக வாங்கினால் கண்ணை மறைக்கும். என் மகளின் பள்ளியில் ரிப்பன் எந்த நிறம், எத்தனை மடிப்பு என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. ஒற்றைச் சடையோடு போனால் டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். பெண் குழந்தையின் தலைமேல் அத்தனை அக்கறை உள்ள இடத்தில், அந்தத் தலை வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி வந்து சேருகிறது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னபோது சிரித்தார்கள். இந்தக் காரணத்துக்காகவாவது மறுபடி யோசிக்கலாம்.

ஸ்வீடனில் இரண்டு பெண்கள், ஆன்னா ஹவுப்ட், டெரெஸ் அல்ஸ்டின் என்று பெயர், வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தபோது இதே பிரச்சினையை எடுத்தார்கள். அங்கே 2005 முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெரியவர்களை ஏன் போடுவதில்லை என்று கேட்டால் முடி, தோற்றம் என்றுதான் பதில் வந்தது. அதை அற்பம் என்று தள்ளாமல், கழுத்தில் காலர் மாதிரி சுற்றிக்கொண்டு, விழும்போது மட்டும் காற்றுப்பையாக விரியும் ஒன்றை உருவாக்கினார்கள். விலை அதிகம்; நிறுவனமும் 2023இல் திவாலாகிவிட்டது. ஆனாலும் முடியைப் பற்றிய கவலையை ஒரு பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்ட மனிதர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் ஊதா நிற ஹெல்மெட் வாங்கினோம். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளி. ஒரு வாரம் கழித்து, "நாளைலேருந்து போட மாட்டேம்மா" என்றாள்.

"ஏன்டி?"

"ராக்கெட்டு வருது, ராக்கெட்டு வருதுன்னு கத்துறாங்க. ஒருத்தன் பின்னாடி வந்து தட்டிப் பாக்குறான்."

சாரா ரட்டிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1989இல் தாய்மைச் சிந்தனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளை வளர்ப்பது இயற்கையாகச் சுரக்கும் பாசம் மட்டுமல்ல, அது ஒரு வேலை, அந்த வேலை ஒருவிதச் சிந்தனையைக் கோருகிறது, ஆணும் அதைச் செய்யலாம் என்பது அவர் வாதம். அந்த வேலைக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு என்கிறார். பிள்ளையின் உயிரைக் காக்க வேண்டும். பிள்ளையை வளரவிட வேண்டும். பிள்ளையைச் சமூகம் ஏற்கும்படி ஆக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மோதும் என்பதை அவர் மறைக்கவில்லை. அன்று இரவு என் வீட்டில் மூன்றும் மோதின. காப்பதற்கு ஹெல்மெட் வேண்டும். வளர்வதற்குச் சைக்கிள் வேண்டும், அதுவும் தனியாக. வகுப்பில் நாலு பேரோடு சேர்ந்து இருப்பதற்கு ஹெல்மெட் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவதை "அவங்க கிடக்குறாங்க, நீ கண்டுக்காத" என்று தள்ளிவிடுவது நமக்குச் சுலபம். பதினோரு வயதில் சிரிப்புக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்பதை நாம் மறந்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் மறக்கவும் இல்லை. நாற்பது வயதில் எத்தனை பேர் சிரிப்புக்குப் பயந்து எத்தனை விஷயங்களை விட்டிருக்கிறோம்?

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் இருந்தது. "ஹெல்மெட் இல்லன்னா சைக்கிள் இல்ல." நியாயமான வாக்கியம்தான். என் தோழிகளில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். மகனாக இருந்தால் நானும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். மகளிடம் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அவளிடமிருந்து சைக்கிளை வாங்கி வைப்பதற்கு ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது. "வயசுக்கு வர்ற புள்ள, இனி ஆட்டோ வெச்சு விட்ரலாமே" என்று பெரியம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார். மாமனார் எதுவும் சொல்லாமல் சைக்கிளைத் திண்ணைக்குள் தள்ளிவைப்பார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அது அந்த வரிசையில் போய் நின்றுகொள்ளும். மகனுக்கு அது வெறும் நிபந்தனை. மகளுக்கு, முன்பே தயாராக இருக்கும் ஒரு கதவைச் சாத்துவது.

பாதுகாப்பு என்ற சொல்லை நாம் பெண் குழந்தைகளிடம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? இருட்டுவதற்குள் வா. தனியாகப் போகாதே. அந்தப் பக்கம் போகாதே. துப்பட்டாவைச் சரியாகப் போடு. பத்து வயதுக்குள் அவளுக்குப் புரிந்துவிடுகிறது, பாதுகாப்பு என்றால் போகாமல் இருப்பது. ஹெல்மெட் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. "நீ போகத்தான் போகிறாய், வேகமாகவும் போவாய், ஒருவேளை விழுவாய், அதற்கு இதை வைத்துக்கொள்" என்று சொல்லும் பொருள் அது. ஒரு பெண் குழந்தைக்கு அப்படிச் சொல்லும் பொருட்கள் நம் வீடுகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அவளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? கையில் கொடுப்பது அதே அம்மா, குரலும் அதே குரல். இன்னொரு துப்பட்டா என்றுதான் நினைப்பாள். ஹெல்மெட்டை அவள் மறுத்ததில் ஒரு சிறு கலகமும் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கலகத்தை உடைத்து அவள் தலையைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை. தலையை விட்டுவிடவும் முடியவில்லை.

கடைசியில் நான் எதுவும் செய்யவில்லை, எங்கள் தெருவில் இருந்த ஒரு பெண் செய்தாள். அப்போது பதினோராம் வகுப்பு. சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் புறவழிச்சாலையில் போய்விட்டு வியர்வையோடு திரும்புவாள். கறுப்பு ஹெல்மெட், அதில் ஸ்டிக்கர்கள், பின்னால் தொங்கும் ஒற்றைச் சடை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவள்தான் அக்கா. ஒருநாள் மகளின் ஹெல்மெட்டைப் பார்த்து, "பட்டை லூசா இருக்கு, இப்படிப் போட்டா வேஸ்ட்டு" என்று சொல்லித் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மகள் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் ஒரு வருடம் பேசி நடக்காதது ஒரு நிமிடத்தில் நடந்தது. நான் பேசியது பயத்தின் மொழி. அவள் பேசியது தொழிலின் மொழி.

அக்கா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். இரண்டு மாதம் தாங்கியது. இப்போது மகள் பெரிய சாலையில் போட்டுக்கொள்கிறாள், பள்ளிக்கு முந்தின திருப்பத்தில் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொள்கிறாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் புதுக்கோட்டைக்காரி. 1991இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதால் வெளியூர்களுக்கும் தெரிந்தது. பெண்கள் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள். நடுவில் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். அந்தக் கம்பியில் உட்கார்ந்து போன குழந்தைகளில் நானும் ஒருத்தி. யார் தலையிலும் ஹெல்மெட் இல்லை, அது வேறு. நான் சொல்ல வந்தது சிரிப்பைப் பற்றி. அம்மா கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் பேசாத பேச்சு இல்லை. "ஆனா நாங்க முப்பது பேருடி, எத்தனை பேரைப் பாத்துச் சிரிப்பான்?" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். சிரிப்பைத் தாங்கும் மனத்திடம் அம்மாவுக்குப் பிறவியில் வந்ததல்ல. கூட இருபத்தொன்பது பேர் இருந்தார்கள்.

தைரியம், எச்சரிக்கை இரண்டையும் தனிமனிதக் குணங்களாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளை ஜாக்கிரதையாக இருக்கும், துணிச்சலான பிள்ளை மற்றவர் சிரிப்பைப் பொருட்படுத்தாது என்று. கூச்சம் கூட்டத்தில் உண்டாவது. அதைத் தனியாளாக நின்று தாங்கு என்று பதினோரு வயதுப் பெண்ணிடம் கேட்பது, அவளால் செய்ய முடியாததைக் கேட்பது. செய்ய முடியாததைக் கேட்டுவிட்டு, செய்யவில்லை என்று அவளையும் அவள் அம்மாவையும் குற்றம் சொல்வதில் நீதி இல்லை.

சட்டம் போட்டுவிடலாமே, சைக்கிளுக்கும் கட்டாயமாக்கிவிடலாமே என்று கல்லூரியில் என் மாணவிகள் கேட்பதுண்டு. செய்து பார்த்த இடங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கியது. உலகிலேயே முதல்முறை. ஹெல்மெட் போடுபவர்கள் ஓராண்டுக்குள் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமானார்கள். தலைக்காயங்களும் குறைந்தன. ஆனால் சாலையில் எண்ணியபோது சைக்கிள் ஓட்டும் பதின்வயதுப் பிள்ளைகளே வெகுவாகக் குறைந்திருந்தார்கள். ஹெல்மெட் போடுவதற்குப் பதிலாகச் சைக்கிளை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் வேறு கதை. எண்பதுகளின் பிற்பகுதியில் அங்கே குழந்தை மருத்துவர்களும் பள்ளிகளும் சேர்ந்து, விலைக்குறைப்புக் கூப்பன் கொடுத்து, பிரச்சாரம் செய்து, ஐந்தாண்டுகளில் ஹெல்மெட் போடும் பிள்ளைகளை 5 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் அளவுக்கு உயர்த்தினார்கள். சட்டம் பிறகு வந்தது. அந்தச் சட்டத்தை 2022இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அபராதச் சீட்டு யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால், வீடற்றவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும்தான் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது.

நம் ஊரில் நாளைக்கே கட்டாயம் என்று வந்தால் யார் நிறுத்தப்படுவார்கள்? கேட் போட்ட குடியிருப்புக் குழந்தை இல்லை. ஹெல்மெட் வாங்கக் காசில்லாத வீட்டில், "அபராதம் வேற கட்டணுமா, சைக்கிளே வேண்டாம், பஸ்ஸுல போ" என்பார்கள். பஸ் வராத ஊரில் படிப்பு நிற்கும். தமிழ்நாட்டில் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, பிறகு எல்லோருக்குமாக விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம் எத்தனை பெண்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டு சேர்த்தது என்பது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளைக் கேட்டாலே தெரியும். ஒரு தலைக்கவசச் சட்டத்துக்காக அதை ஆட்டம் காண வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொரு பக்கத்தில் நெதர்லாந்தைக் காட்டுவார்கள். அங்கே குழந்தைகள் பெரும்பாலும் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், பத்திரமாகவும் இருக்கிறார்கள் என்று. உண்மைதான். ஆனால் அது சும்மா வந்ததல்ல. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் செத்தார்கள். மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று: குழந்தைக் கொலையை நிறுத்து. மார்ட்யே வான் புட்டன் என்ற இளம்பெண் அதன் முதல் தலைவர். பெற்றோர்கள் தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள், பிள்ளைகளை நடுத்தெருவில் விளையாட விட்டார்கள், பிரதமரின் வீட்டு வாசலுக்குச் சைக்கிளில் போனார்கள். தனிச் சைக்கிள் பாதைகளும் வேகம் குறைந்த குடியிருப்புத் தெருக்களும் அந்தப் பிடிவாதத்திலிருந்து வந்தவை. "உன் பிள்ளைக்கு ஏன் ஹெல்மெட் போடவில்லை" என்று கேட்கப்பட்ட அம்மாக்கள், "என் பிள்ளை போகும் வழியில் கார் ஏன் இந்த வேகத்தில் வருகிறது" என்று திருப்பிக் கேட்டார்கள். மிதிவண்டி ஹெல்மெட்டை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். சைக்கிளிலிருந்து கீழே விழும்போது அது தலையைக் காக்கும். லாரியை நிறுத்தாது. அந்த வேலையை ஒரு குழந்தையின் தலைமேல் வைக்க முடியாது.

அதற்காக, நெதர்லாந்து மாதிரி நம் சாலை ஆகும்வரை ஹெல்மெட் தேவையில்லை என்று வாதிடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சாலை மாற இருபது வருடம் ஆகும். என் மகள் நாளைக் காலை போக வேண்டும்.

எனக்குத் தோன்றுவது சின்ன யோசனைதான். பதினோராம் வகுப்பில் சைக்கிள் கொடுக்கும்போது கூடவே ஒரு ஹெல்மெட்டும் கொடுக்கட்டும். எல்லோருக்கும், ஒரே நாளில், ஒரே நிறத்தில். முழு வகுப்பும் போட்டிருந்தால் யாரைப் பார்த்து யார் ராக்கெட் என்பது? இலவசச் சைக்கிள் இப்படித்தான் வேலை செய்தது. ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் வாயில் விழுந்திருப்பாள். வகுப்பே ஓட்டியதால் ஊர் வாயை மூடிக்கொண்டது. அபராதம் வேண்டாம், போலீஸ் வேண்டாம். போடாதவளைச் சைக்கிளிலிருந்து இறக்கவும் வேண்டாம்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயங்கள் கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டில் ஹெல்மெட் மாட்ட வரிசையாகக் கொக்கிகள் வேண்டும். சைக்கிளில் வரும் பெண்கள் ஒற்றைச் சடை போட அனுமதி வேண்டும். ஸ்கூட்டரில் வரும் டீச்சர்கள் ஹெல்மெட்டைத் தெருமுனையில் கழற்றாமல், அதைப் போட்டுக்கொண்டே பள்ளிக்குள் வர வேண்டும். பின்வரிசையில் சில அம்மாக்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து, "ஆமா மேடம், எங்களுக்கும் வேணும்" என்றார்கள். கொக்கிகளுக்குத் தலைமையாசிரியை உடனே சரி என்றார். ஒற்றைச் சடையைப் பற்றி நிர்வாகத்தில் பேச வேண்டும் என்றார். மூன்றாவதுக்கு அவர் பதில் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, மகளின் கணக்கு டீச்சர் வண்டியில் உட்கார்ந்தபடி ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இதுல ரெண்டு விரல் நுழையணும்னு ஒங்க பொண்ணுதான் சொல்லுச்சு" என்றார்.